மகளுக்குக் கோதுமை ஆகாது, பெருங்காயம் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் குடலைப் புண்படுத்தும் நோய்) என்று தெரிந்ததிலிருந்து கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் இட்லியும் சோறும்தான். ஆனாலும் வயிற்று உப்புசம் போகவில்லை, ரத்தப் பரிசோதனையில் டிடிஜி (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவும் இறங்கவில்லை. வயிற்றுக்கு நல்லது என்று ரசத்தில் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறேன். அதனால் ஏதும் கெடுதல் உண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு அம்மா. உங்கள் சமையலறையில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பெருங்காய டப்பாவைத்தான்.

நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறினால் வடியும் பால், காய்ந்து பிசினாகிறது. அதுதான் அசல். செடி முதிரவே ஐந்து வருடம் வரை ஆகும். இந்தியாவில் அது வணிக அளவில் விளைவதில்லை. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்று நட்டதே 2020 அக்டோபரில்தான். இறக்குமதியாகும் பிசின் கையில் ஒட்டும், நெடி தாங்காது, அப்படியே பொடிக்கவும் வராது. அதனால் கருவேலம் பிசினின் இனத்தைச் சேர்ந்த அரபிப் பிசினையும், மைதாவையோ அரிசி மாவையோ சேர்த்துப் பிசைந்து கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள்.

இது கலப்படம் இல்லை. சட்டமே இதற்கு இடம் தருகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரையும் சத்து 5 சதவீதம் இருந்தால் போதும், மீதிக்குப் பிசினும் மாவும் இருக்கலாம். மாவு சேர்க்கும் பழக்கமும் புதிதல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமானிய அறிஞர் பிளினி, பாரசீகத்திலிருந்து வரும் இந்தப் பிசினில் வேறு பிசினையும் இடித்த மொச்சை போன்ற பயற்றையும் கலக்கிறார்கள் என்று எழுதிவைத்தார்.

“ஒரு சிட்டிகைதானே” என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். ஒரு கிராம் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 40 மில்லிகிராம் குளுட்டன். சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடல் புண்படுவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த ஒரு கிராம் நாலு பேருக்கான ரசத்தில் பிரிந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் சாம்பாரிலும் இருக்கிறது, இட்லிப் பொடியிலும் இருக்கிறது. ஊறுகாய், மோர்மிளகாய், முறுக்கு, ஏன், உளுந்தில் செய்த அப்பளத்தில்கூட இருக்கிறது. கொதித்தால் குளுட்டன் அழியாது. உப்புசத்துக்கு என்று நீங்கள் கூட்டிப் போட்டதே உப்புசத்தை வளர்த்திருக்கலாம்.

மருத்துவமனையில் கொடுக்கும் உணவுத் தாளில் இது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆத்திரம். ரொட்டி, பாஸ்தா, பீட்சா வேண்டாம் என்று வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே அச்சடித்துத் தருகிறார்கள். கும்பகோணத்துக் குழந்தை பாஸ்தாவா சாப்பிடுகிறது? டப்பாவின் முன்பக்கம் ‘பெருங்காயம்’ என்று கொட்டை எழுத்து. கோதுமை என்பது பின்பக்கம் பூதக்கண்ணாடிக்கும் சிக்காத எழுத்தில். கோதுமை இருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதை வாசிக்கும்படி அச்சிட வைக்க ஒருவரும் இல்லை.

இனி ஏமாற்று. மைதா வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்த மறுநாளே “ஒரிஜினல் பால் பெருங்காயம், ஆப்கானிலிருந்து நேராக வருகிறது” என்று ஒருவர் உங்களைத் தேடி வருவார். பொருட்காட்சியிலும் ஆன்லைனிலும் இவர்கள் நிறைய. தண்ணீரில் கரைத்து, பார்த்தீர்களா பால் மாதிரி வெளுக்கிறது என்பார். மைதாவைக் கரைத்தாலும் வெளுக்கத்தான் செய்யும். கொளுத்திக் காட்டி, கற்பூரம் மாதிரி எரிகிறதே என்பார். குங்கிலியம் கலந்திருந்தாலும் எரியும். அயோடின் ஒரு சொட்டு விட்டு நீலமானால் மாவு இருப்பது தெரியும், ஆனால் அது அரிசியா கோதுமையா என்று சொல்லாது. வீட்டுச் சோதனை எதையும் நம்பி இந்தக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். உதிரியாக, லேபிள் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அஷ்ட சூரணத்திலும் பெருங்காயம் உண்டு. எந்தப் பெருங்காயம் என்று விற்பவருக்கே தெரியாது.

அரிசி மாவில் செய்த பெருங்காயமும் வருகிறதே என்றால், வருகிறது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் விரித்தே சொல்கிறேன். பின்பக்கம் ‘அரிசி மாவு’ என்று மட்டும் இருந்தால் போதாது. அதே ஆலையில், அதே இயந்திரத்தில் காலையில் மைதாச் சரக்கு ஓடியிருக்கலாம். ‘கோதுமையும் கையாளப்படும் ஆலை’ என்ற வரி இருந்தால் வைத்துவிடுங்கள். அந்த வரி இல்லாததும் உத்தரவாதம் ஆகாது. ‘குளுட்டன் இல்லாதது’ என்று வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். நான் மேலே சொன்ன மைதாத் தூளில் கிலோவுக்கு 40,000 மில்லிகிராம் வரும். ‘தூய்மையானது’, ‘இயற்கையானது’, ‘பாரம்பரியம்’ என்ற சொற்களுக்கு இந்த விஷயத்தில் எந்தப் பொருளும் கிடையாது. சரியான டப்பா கிடைத்தாலும் தனிக் கரண்டி வையுங்கள். சாம்பார்ப் பொடியை மாவு மில்லில் அரைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அங்கே கோதுமை அரைத்திருப்பார்கள். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இப்போதைக்குப் பெருங்காயமே வேண்டாம். ரசத்துக்குச் சீரகமும் பூண்டும் மிளகும் போதும், மோருக்கு இஞ்சி, உப்புசத்துக்கு ஓமத்தண்ணீர். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ரசம் வைப்பதால் எல்லோருமே விட்டுவிடுவது சுலபம். வெளியில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், பொடி வகைகளையும் கூடவே நிறுத்துங்கள்.

டிடிஜி ஒரு வாரத்தில் இறங்காது. ஆறு மாதம் கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி பாருங்கள், அப்போதுதான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் குடல்நோய் மருத்துவரிடம் போங்கள். போகும்போது சமையலறையில் உள்ள எல்லா டப்பாவின் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்களே காட்டுங்கள்.