வடக்கு ஜன்னல் ஹாலுக்கு எந்தக் கரும்பச்சை?

வணக்கம். வடக்கு பார்த்த ஒரே ஜன்னல், தேக்குக் கதவு, ரெட் ஆக்ஸைடு தரை. இந்த ஹாலின் சுவருக்கு நீலம் கலந்த பாட்டில் பச்சையா, மஞ்சள் சாய்ந்த ஆலிவ் கரும்பச்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆலிவ் பக்கம்தான். வடக்கு வெளிச்சம் கொஞ்சம் நீலமாகத்தான் வரும். அதில் பாட்டில் பச்சை இன்னும் குளிர்ந்து, மூலைகளில் கறுப்பாகவே தெரியும். தேக்கின் பழுப்புக்கும் தரையின் சிவப்புக்கும் ஆலிவ் இயல்பாகப் பொருந்தும்.

ஆனால் முடிவெடுக்கும் முன் விளக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்தான் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). அதன் கீழே ஆலிவ்கூட சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். 3000 கெல்வின் பல்புக்கு மாறினால் அதே நிறம் உயிர்பெறும். பெயின்ட் செலவோடு பல்பு செலவையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷேட் கார்டை நம்ப வேண்டாம். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு. நீங்கள் ஹாலில் அதிகம் உட்காரும் நேரத்தில் எது பிடிக்கிறதோ அதுதான் உங்களுக்கான நிறம், நான் சொன்னதற்கு மாறாக இருந்தாலும்.

அப்புறம், பளபளப்பு அதிகம் வேண்டாம். அடர் நிறத்தில் அது சுவரில் பூசிய பட்டியின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். பெயின்டுக்கு முன் அடிக்கும் வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிற பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், பச்சை சீக்கிரம் மூடிக்கொள்ளும்.