புதிய பிளேஸ்டேஷன் வந்தால் பழையதன் விலை குறையுமா? அதுவரை காத்திருக்கலாமா?

கேள்வி: டெல்லியில் வேலை பார்க்கிறேன். சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5 வாங்க ஆசை. "அடுத்தது வரட்டும், இதன் விலை பாதியாகிவிடும்" என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். காத்திருப்பதில் பொருள் உண்டா?

காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரு காலத்தில் இதேபோலக் காத்திருந்து பலன் கண்டவன் நான். எனவே, அன்று பலித்த கணக்கு இன்று ஏன் பலிக்காது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் வளர்ந்தது டெல்லி ஆர்.கே. புரத்தில், மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் இருந்த அரசுக் குடியிருப்பில். 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 39,990 ரூபாய் விலையில் வந்தது. "அந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்" என்று அப்பா ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டார். எனக்கும் அதன்மேல் கண் இல்லை. புதியது வந்துவிட்டதால் பழைய பிளேஸ்டேஷன் 2 சல்லிசாகக் கிடைக்கும் என்பதே என் கணக்கு. கன்னாட் பிளேஸுக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரில் அப்போது வீடியோ கேம் கடைகள் வரிசையாக இருந்தன. மாதம் ஒருமுறையாவது அந்தப் படிகளில் இறங்கி, அதே கடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்பேன். அவரும் சலிக்காமல் அதே விலையைச் சொல்வார். ஒருநாள் மட்டும் பொறுமை இழந்து இந்தியில் அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "தம்பி, அதை வாங்குகிறவன் இந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், இதை வாங்குகிறவனுக்கு அது எட்டாது. பிறகு நான் எதற்காகக் குறைக்க வேண்டும்?"

வியாபாரி சாமர்த்தியமாகப் பேசுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிற்பாடு பழைய விலைகளைத் தேடிப் படித்தபோதுதான், அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று விளங்கியது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2002 மே மாதம் 199, 2004 மே மாதம் 149, 2006 ஏப்ரலில் 129, 2009 ஏப்ரலில் 99 என்று படிப்படியாக இறங்கியது. இதற்கு நடுவே 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது. பழையதன் விலைப்பட்டியலில் அந்த மாதத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதற்கு ஏழு மாதம் முன்பு ஒரு குறைப்பு, இரண்டரை ஆண்டு பின்பு ஒரு குறைப்பு, அவ்வளவுதான். முதல் பிளேஸ்டேஷனின் கதையும் இப்படித்தான். அது 1999லேயே 99 டாலருக்கு வந்துவிட்டது. மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 2 வந்தபோது, சோனி அந்தப் பழைய கருவியையே சிறிய உருவத்தில் செய்து அதே 99 டாலருக்கு விற்றது. புதியது வருவதால் பழையது மலிகிறது என்று நாம் நினைப்பதில் காரண காரியம் இடம் மாறி இருக்கிறது. பழையதைச் செய்யும் செலவு குறைந்தபோது விலை குறைந்தது. போட்டியாளர் நெருக்கியபோதும் குறைந்தது. 2002 மே மாதத்தில் சோனி குறைத்த மறுநாளே மைக்ரோசாஃப்ட் தன் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸை 299இலிருந்து 199க்கு இறக்கியது. சில நாட்களில் நின்டெண்டோவும் கேம்கியூபை 149 டாலராக்கியது. அந்த மாதத்தில் புதிய கருவி எதுவும் வரவில்லை.

செய்யும் செலவு எப்படிக் குறைகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பள்ளித் தோழன் வீட்டில் இருந்தது ஆரம்ப காலத்துப் பெரிய பிளேஸ்டேஷன் 2. நான் ஒருவழியாக 2008 குளிர்காலத்தில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கியது மெலிந்த வகை. தூசி தட்டுவதற்காக இரண்டையும் ஒரே நாளில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பெரியதன் மேல்மூடியைக் கழற்றியதும், உள்ளே ஒரு சிறிய தொழிற்சாலையே இருந்தது. மின்சாரத்தை மாற்றித் தரும் பலகை சுருள்களோடும் மின்தேக்கிகளோடும் ஓர் அடுக்கை அடைத்துக்கொண்டிருந்தது. தட்டை வெளியே நீட்டி உள்ளே இழுக்க ஒரு மோட்டாரும் பற்சக்கரங்களும் இருந்தன. பின்பக்கம் ஹார்ட் டிஸ்க் வைப்பதற்கென்று விட்டிருந்த அறை, எங்களுக்குத் தெரிந்து யாரும் பயன்படுத்தாதது, காலியாகக் கிடந்தது. தகரக் கவசத்துக்கு அடியில், கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று என இரண்டு பெரிய சிப்புகள். என்னுடையதைத் திறந்தபோது, பார்ப்பதற்கு அதிகம் எதுவுமில்லை. மின்பலகை கேபிள் வழியாக வெளியே அடாப்டராகப் போய்விட்டது. தட்டும் மோட்டாரும் போய், கையால் திறக்கும் ஒரு மூடி வந்துவிட்டது. அந்தக் காலி அறையே இல்லை. இரண்டு சிப்புகளும் சுருங்கி ஒரே சிப்பாகிவிட்டன. இரண்டிலும் ஓடுவது அதே டிஸ்க், அதே ஆட்டம். மெக்கானிக் ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைக்காரர் சொல்லாமல் விட்ட பாதிக் கணக்கு அந்த மேசையில் கிடந்தது.

இப்படிச் சுருக்க முடியாமல் தவித்தவர்களும் உண்டு. முதல் எக்ஸ்பாக்ஸின் படம் வரையும் சிப்பை என்விடியா வடிவமைத்து விற்றது. அந்த வடிவமைப்பு மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமில்லை. எனவே சிப்பின் விலைக்காக இரு நிறுவனங்களும் நடுவர் மன்றம் வரை போய், 2003இல்தான் சமாதானம் செய்துகொண்டன. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஓரளவுக்குமேல் மலியாத பொருள். ஆகவே 2005இல் அடுத்த கருவியான எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும், பழையதை மலிவாக விற்றுக்கொண்டிருப்பதைவிட நிறுத்திவிடுவதே மைக்ரோசாஃப்ட்டுக்கு லாபமாகிவிட்டது. இன்னொரு வகைக் குறைப்பு செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட்டுக்கு நேர்ந்தது. 199 டாலருக்கு வந்த கருவி, 2001 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டபின் 99 டாலருக்கும், பிறகு 50 டாலருக்கும் போனது. அது கடை மூடும்போது போடும் தள்ளுபடி. அதை வாங்கியவருக்குப் புதிய ஆட்டங்கள் அதிகம் கிடைக்கவில்லை.

மலிவான பழைய கருவியால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். புதிதாக வரும் கருவி பெரும்பாலும் நட்டத்தில்தான் விற்கப்படுகிறது. 499 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3ஐச் செய்ய 800 டாலருக்குமேல் ஆகிறது என்று 2006இல் ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது. அந்த நட்டத்தை ஆட்டங்களின் விற்பனையிலிருந்து மெல்ல மெல்ல ஈடுகட்ட வேண்டும். பழைய கருவியோ அதற்குள் செய்யும் செலவைவிடக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டியும் இன்னும் பல டிஸ்க்குகளை விற்றுத் தரும். அதனால்தான் அது எங்களைப் போன்ற வீடுகளைத் தேடி வந்தது. பிளேஸ்டேஷன் 3 சந்தையில் இருக்கும்போதே, 2009இல், ஹைதராபாத்தில் உருவான அனுமன் கதை ஆட்டம் ஒன்று பிளேஸ்டேஷன் 2க்காக வெளியானது. வசதி படைத்த நாடுகள் அடுத்த கருவிக்குப் போய்விட்ட பிறகும் நம் ஊரில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2013 ஜனவரியில் உற்பத்தி முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது அந்தக் கருவி 15 கோடிக்குமேல் விற்றிருந்தது.

இப்போது உங்கள் பிளேஸ்டேஷன் 5க்கு வருவோம். 2021 பிப்ரவரியில் அது இந்தியாவில் டிஸ்க் வகை 49,990, டிஸ்க் போட இடமில்லாமல் ஆட்டங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் வகை 39,990 ரூபாய் என்று வந்தது. 2022 நவம்பரில் இரண்டின் விலையும் ஐயாயிரம் ரூபாய் ஏறியது. மெலிந்த வகை 2024 ஏப்ரலில் வந்தபோதும் விலை இறங்கவில்லை. 54,990, 44,990 என்றே நின்றது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்ட்டில் 50 டாலர் ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499 டாலருக்கு வந்து, 2025 மே மாதம் 599ஆகவும் அக்டோபரில் 649ஆகவும் உயர்ந்தது. எல்லாவற்றையும்விட என்னை அயர வைத்தது நின்டெண்டோ. 2025 ஜூனில் அவர்களின் புதிய கருவியான ஸ்விட்ச் 2 வந்தது. அதன்பின் இரண்டே மாதத்தில், எட்டு வயதான பழைய ஸ்விட்ச்சின் விலையை அமெரிக்காவில் 299இலிருந்து 339 டாலராக ஏற்றினார்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிரானது இது.

காரணம் அந்த மெக்கானிக்கின் மேசையில்தான் இருக்கிறது. சிப்பைச் சுருக்கினால் செலவும் சுருங்கும் என்பது அந்தக் காலத்து நியதி. இன்று சுருக்க முடிகிறது. ஆனால் நுட்பமான தயாரிப்பு முறைக்குச் சிப் ஆலைகள் கேட்கும் விலை, சுருக்கியதால் வரும் மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. பிளேஸ்டேஷன் 5இன் சிப்பும் 7 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து இன்னும் நுட்பமான 6 நானோமீட்டர் முறைக்குப் போனது, கருவியும் இளைத்தது. விலைக்கு மட்டும் அது தெரியவில்லை. நினைவகச் சிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. அமெரிக்காவில் இறக்குமதி வரி சேர்ந்துகொண்டது. நமக்கோ இவற்றோடு ரூபாயும் உண்டு: நான் பாலிகா பஜாரில் பேரம் பேசிய 2007இல் ஒரு டாலர் ஏறக்குறைய 40 ரூபாய், 2025இல் 85க்கும் மேல். டாலர் விலை அசையாமல் நின்றால்கூட நம் விலை ஏறும்.

இதோடு, விலைக் குறைப்பு வேறு, தற்காலிகத் தள்ளுபடி வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குறைப்பு என்பது ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான். தள்ளுபடி பண்டிகை முடிந்ததும் பின்வாங்கிவிடும். இன்று நமக்குக் கிடைப்பது இரண்டாவது வகை மட்டுமே. 2023 ஜூலை இறுதியில் பிளேஸ்டேஷன் 5க்குச் சில நாட்கள் 7,500 ரூபாய் தள்ளுபடி கொடுத்தார்கள். மெலிந்த வகை வரப்போகிறது என்று சில மாதம் கழித்து அறிவித்தபோதுதான், அது இருப்பைக் காலி செய்யும் ஏற்பாடாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆகவே ஆண்டுக் கணக்கில் காத்திருக்காமல், தீபாவளி வரை காத்திருங்கள். அதுவே போதுமான பொறுமை.

பழையதை வாங்குவது இன்னொரு வழி. அதில் ஒரு கசப்பு எனக்கு உண்டு. என் அக்கா மகனுக்காக ஒரு கடையில் பயன்படுத்திய கருவி ஒன்றை வாங்கினோம். கடையில் ஆட்டம் ஓடியது, வீட்டில் கணக்கைத் திறந்து உள்ளே போக முயன்றபோதுதான், அந்தக் கருவியே இணையச் சேவையிலிருந்து விலக்கப்பட்டது என்று தெரிந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஆகையால் கடையிலேயே, உங்கள் மொபைலின் இணையத்தைக் கொடுத்து, உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். கன்ட்ரோலரைத் தொடாமல் வைத்து, திரையில் ஏதாவது தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கடைசியாக, டிஜிட்டல் வகையின் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். 2025இல் சோனியின் பெரிய ஆட்டம் ஒன்று புதிதாக 4,999 ரூபாயாக இருந்தது. டிஸ்க்காக வாங்கினால், முடித்தபின் பாதி விலைக்காவது கைமாற்றிவிடலாம். சில ஆட்டங்களிலேயே அந்த விலை வித்தியாசம் திரும்பிவிடும். டிஜிட்டலாக வாங்கிய ஆட்டத்தை விற்கவும் முடியாது, நண்பருக்கு இரவல் கொடுக்கவும் முடியாது. அக்கா மகன் இரண்டாவது முறை டிஸ்க் வகையைத்தான் வாங்கினான். டிஸ்க்குகளை மாற்றிக்கொள்ள மாதம் ஒருமுறை அவன் இறங்கிப் போவது அதே பாலிகா பஜார் படிகளில்தான்.