தோட்டக் கட்டுரை எழுதிய ஆச்சிக்கு நினைவு மலர்: என்ன எழுதலாம்?

பாளையங்கோட்டையில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதி, தெருவுக்கே விதை கொடுத்த உங்கள் ஆச்சியைப் பற்றி நினைவு மலரில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிறப்பு, படிப்பு, பிள்ளைகள் எல்லாம் நாலு வரியில் முடியட்டும். ‘அன்பே உருவானவர்’ மட்டும் வேண்டாம், எல்லா போஸ்டரிலும் அதுதான் இருக்கிறது. அவர் சொன்ன தோட்ட விஷயத்தைக் காரணத்தோடு எழுதுங்கள். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை மாதக்கணக்கில் கொடி மட்டும் வீசும். காய்க்காத கொடி என்று சிலர் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பகல் பொழுது குறைந்தால்தான் அதற்குப் பூ வரும். மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இந்த மாதிரி எதைச் சொல்லி யார் வீட்டுக் கொடியைக் காப்பாற்றினார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், அவர் சாம்பலில் புரட்டிக் கொடுத்த விதைப் பொட்டலம் எங்காவது இருக்கும். சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வண்டு அவ்வளவாக அண்டாது. பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்து இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

கட்டுரைகளை ஆண்டுவாரியாக அல்ல, மாதவாரியாக அடுக்குங்கள். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வாசிப்பவர்கள் அந்த மாத வரிசையைப் பார்த்தே விதைக்கலாம். பழைய பத்திரிகைத் துண்டுகளை லேமினேஷன் செய்ய வேண்டாம், ஸ்கேன் போதும்.