பிரட்டலும் டுரியானும் விமானம் ஏறுமா?

சுபாங் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் சேர்ந்து, 1998-ல் கோலாலம்பூரின் விமான நிலையம் சிப்பாங்குக்கு மாறியபோது நானும் கூடவே மாறி, கடைசிவரை பெட்டிகளோடு மல்லுக்கட்டியவன் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி போதும் போல. சுங்கை சிப்புட் பாசாரில் மீன் வாங்க நின்றால்கூடப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பொருளை விமானத்தில் அனுப்புவது எப்படி என்று கேட்கிறார்கள். கடிதங்களும் அதே கதைதான். சரி, இந்த மாதம் முழுக்க ஐஸ் பெட்டிதான்.

மகள் மெல்பர்னில் படிக்கிறாள். ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்து, ஃபிரீசரில் கல்லாக உறைய வைத்து, விமானத்தில் அனுப்பலாமா? காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. (ஒரு அம்மா, சுங்கை சிப்புட்)

காசு கிடக்கட்டும் அம்மா, அது மகளிடம் போய்ச் சேராது. ஆஸ்திரேலியாவில் கோமாரி நோய் கிடையாது, நம் நாட்டில் உண்டு. அதனால் வீட்டு அடுப்பில் செய்த இறைச்சியை, வெந்தது, உறைந்தது என்று என்ன சொன்னாலும் விடமாட்டார்கள், எடுத்து அழித்துவிடுவார்கள். உள்ளே இருப்பதை மறைத்து 'துணிமணி' என்று எழுதிக் கொடுத்தால் அபராதம் வேறு. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: நாம் இங்கே கடையில் வாங்கும் உறைந்த ஆட்டிறைச்சியில் நிறைய அங்கிருந்து வருவதுதான். அந்த ஆட்டையே மசாலா போட்டுத் திருப்பி அனுப்பப் பார்க்கிறீர்கள். கடையில் விற்கும் சீல் வைத்த மசாலாப் பொட்டலத்தை அனுப்புங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தாளில் ஒளிக்காமல் எழுதுங்கள். பக்குவத்தை வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுங்கள், பிள்ளை கற்றுக்கொள்ளட்டும்.

அதோடு ஒரு கைப்பிடி கருவேப்பிலை? (அதே அம்மா)

அதுவும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் காய வைத்துக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி கருவேப்பிலைச் செடியிலும் குடியிருக்கும். அந்த நோய் இன்னும் நுழையாத நாடு அது, பச்சை இலையைக் கண்டால் பதறுவார்கள்.

அண்ணே, எங்கள் நிலத்தில் 40 டுரியான் மரம், பாதி முசாங் கிங் ரகம். பாரிஸில் லா சப்பல் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் மச்சான், 'பழமாகவே அனுப்பு, இங்கே பிய்த்துக்கொண்டு போகும்' என்கிறான். கிலோ எவ்வளவு என்று கேட்டுக் கட்டினால் போதும்தானே?

அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள் தம்பி. கட்டணம் தராசில் காட்டும் எடைக்கு மட்டும் இல்லை, பெட்டி விமானத்தில் அடைக்கும் இடத்துக்கும் உண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஒரு தெர்மாகோல் பெட்டி வெளியளவில் 60, 40, 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கி, விமானச் சரக்குக்கு வழக்கமான 6000-ஆல் வகுத்தால் 16. உள்ளே பழமும் ஐஸும் சேர்த்து 11 கிலோதான் இருந்தாலும் 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும். கூரியர் கம்பெனி என்றால் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், 19 கிலோவைத் தாண்டிவிடும். முழுப் பழமாக அனுப்பினால் அதில் பாதிக்கு மேல் தோலும் கொட்டையும். முள்ளுக்கு நடுவே இருக்கும் காற்றுக்கும் சேர்த்து நீங்கள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அப்புறம், நம் டுரியான் மரத்திலேயே பழுத்துத் தானாக விழுவது. தாய்லாந்துக்காரர்கள் காயாக வெட்டி, போகிற வழியில் பழுக்க விடுவார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. விழுந்த மறுநாளே ருசி இறங்க ஆரம்பித்துவிடும். இங்கிருந்து சிப்பாங் போக லோரியில் எப்படியும் நாலு மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு விமானம், இறங்கிய ஊரில் சோதனை, கடைசியில் கடை. மச்சான் கையில் வரும்போது வெடித்த பழம்தான் இருக்கும். அதனால் சுளையாக எடுத்து, காற்றை உறிஞ்சிய பையில் இரண்டு சுற்றுப் போட்டு, உறைய வைத்து அனுப்புங்கள். வாசனை வெளியே கசிந்தால் ஏற்கவே மாட்டார்கள், அதற்கும் அந்த இரண்டாவது பை வேண்டும். வீட்டு ஃபிரீசரில் உறைய வைக்காதீர்கள். அது மெதுவாக உறைய வைப்பதால் உள்ளே பெரிய ஐஸ் பரல்கள் உண்டாகி, இளகும்போது சுளை தண்ணீர் விட்டுத் தொளதொளத்துப் போகும். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் திரவ நைட்ரஜனில் செய்கிறார்கள், அது மைனஸ் 196 டிகிரி, சதை சிதையுமுன் உறைந்துவிடும். அந்த வசதி உள்ள ஆலையில் கூலிக்குச் செய்து தருவார்களா என்று விசாரியுங்கள்.

தாள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்து பழத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தாவர நலச் சான்றிதழ், அதாவது பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாள், கேட்பதில்லை. சீனா அப்படி இல்லை. உறைந்த சுளைக்கு 2011-ல் கதவு திறந்தார்கள், உறைந்த முழுப் பழத்துக்கு 2019-ல், உறையாத பழத்துக்கு 2024-ல்தான். அதற்கும் தோட்டம், பொட்டலம் கட்டும் இடம் எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் இவ்வளவு மாறும். விலை கேட்குமுன் அந்த நாடு உள்ளே விடுமா என்று கேளுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது அதனால்தான்.

டிரை ஐஸ் போட்டால் ஒன்றும் கெடாது என்கிறார்களே, பெட்டியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டால் ரொம்ப நாள் தாங்குமா?

ஐயோ, ஒட்டாதீர்கள். டிரை ஐஸ் உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி. உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும். ஒரு கிலோ ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். வெளியேற வழியில்லை என்றால் பெட்டி வெடிக்கும். விமானச் சட்டத்தில் இது ஆபத்தான சரக்கு, ஒன்பதாம் வகுப்பு, ஐநா எண் 1845. வாயு கசிய வழி விட்டுப் பெட்டியை மூட வேண்டும், எத்தனை கிலோ என்று மேலே எழுத வேண்டும். பயணியாகக் கொண்டு போனால் ஆளுக்கு 2.5 கிலோதான், அதுவும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி. காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது கண்ணாடியை இறக்கி விடுங்கள், ஏர்கான் போட்டு அடைத்துக்கொண்டு வந்தால் உங்களுக்கே தலை சுற்றும்.

விமானம் பறக்கும் உயரத்தில் கடும் குளிராமே, பிறகு எதற்கு இவ்வளவு ஐஸ்? (கோலா செபெத்தாங்கில் இறால் எடுத்து அனுப்ப நினைக்கும் ஒரு தம்பி)

வெளியேதான் குளிர், சரக்கறை அப்படி இருக்காது. வானத்தில் இருக்கும்போது நான் கவலைப்பட்டதே இல்லை, தரையில் இருக்கும்போதுதான் பயம். மத்தியான வெயிலில் ஓடுதளம் பக்கம் தள்ளுவண்டியில் பெட்டி முக்கால் மணி நேரம் நிற்கும், அங்கே தார் அடுப்பு மாதிரி சுடும்.

நான் பார்த்த ஒன்று. ஒருவர் 12 பெட்டி இறால் வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் ஏற்றினார். 36 மணி நேரத்துக்கு அளந்து ஐஸ். வழியில் மாறும் இடத்தில் பெரிய விமானத்துக்குப் பதிலாகச் சின்னது வந்தது, பெட்டிகளை இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்தது ஞாயிறு, சோதனை அதிகாரி வந்தது திங்கள். படம் அனுப்பினார்கள், நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: ஐஸ் பை எல்லாம் அடியில், மேலே ஒன்றுகூட இல்லை. குளிர் கீழே இறங்குமே தவிர மேலே ஏறாது, மேல் வரிசை இறால் தலை கறுத்திருந்தது. அடியில் இருந்ததை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

ஆகவே தம்பி, செவ்வாய், புதனில் அனுப்புங்கள். இறாலை முதலில் நன்றாகக் குளிர வைத்த பிறகு அடுக்குங்கள், தெர்மாகோல் குளிரை உண்டாக்காது, இருப்பதைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஐஸ் பை மேலேயும் கீழேயும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை இரண்டு, நடுவில் ஈரம் உறிஞ்சும் தாள். பெட்டி மூலையில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் சரக்குக் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள், உப்புத் தண்ணீர் விமானத்தின் உலோகத்தை அரிக்கும்.

பெட்டி மேல் 'அவசரம், கெட்டுவிடும்' என்று சிவப்பில் எழுதினால் சீக்கிரம் விடுவார்களா?

தூக்குகிற பையன்கள் பார்த்து நிழலில் வைக்கலாம், சுங்கத்தில் மசியமாட்டார்கள். அதைவிட, வாங்குபவரின் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். விமானம் இறங்கும் நேரத்தில் அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.