காரிடாரில் கிடக்கும் பிணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பேய்ப் படங்களுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

போன மாதம் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்கிற ஹாரர் வீடியோ கேமின் முதல் பாகத்தின் ரீமேக்கை ஆரம்பித்தேன். மாளிகையில் ஒரு காரிடார். அங்கே ஒரு ஜோம்பியைச் சுட்டு வீழ்த்தினேன். மற்ற கேம்களில் செத்ததும் உடல் மறைந்துவிடும். இதில் மறையவில்லை, அங்கேயே கிடக்கிறது. நான் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்று வாரமாகப் போகவில்லை. அது ஒன்றும் செய்யவில்லை, சும்மா கிடக்கிறது. இருந்தும் முடியவில்லை. படத்துக்கு வராத பயம் இங்கே மட்டும் ஏன் வருகிறது?

வெறுத்துப்போய் கன்ட்ரோலரைத் தம்பியிடம் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குத் துளிப் பயம் இல்லை, பாப்கார்ன் மட்டும்தான் பாக்கி. அவனோ நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டான்.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஒரு புது கேமும் வாங்கினேன். பார்க்க நிஜம் மாதிரியே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு முகம் கத்திக்கொண்டு திரையில் பாய்கிறது. முதல் இரண்டு முறை தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் எரிச்சல்தான் வந்தது. பழைய கேம்களில் கிராபிக்ஸ் சுமார், மிச்சத்தை நம் கற்பனை நிரப்புகிறது, அதனால்தான் பயம் என்கிறார்கள். ஆயுதமே தராத கேம்கள்தான் இந்த வகையின் உச்சம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சரியா?

கே.

*

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டதற்கான பதிலைத்தான் உங்கள் தம்பி உங்கள் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதே காரிடார், அதே பிணம், அதே இருட்டு. கன்ட்ரோலர் கை மாறியதும் பயமும் கூடவே கை மாறிவிட்டது. படமும் ஒலியும்தான் பயமுறுத்துகின்றன என்றால் சோபாவில் இருந்த இரண்டு பேருக்கும் ஒரே அளவு வந்திருக்க வேண்டுமே.

சினிமா தன்பாட்டுக்கு ஓடும். நாயகி கதவைத் திறக்கப் போகும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டால் போதும், அவள் திறந்து பார்த்து அலறி முடித்திருப்பாள். கேம் அப்படி ஓடாது. உங்கள் கட்டைவிரல் நகராதவரை மூன்று வாரமானாலும் அங்கேயே நிற்கும். ஆனால் இது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கார் பந்தய கேமிலும் கட்டைவிரல்தான் நகர்கிறது, யாருக்கும் வயிறு கலங்குவதில்லை.

அந்தக் காரிடாரில் நின்றபோது உங்கள் மண்டைக்குள் என்ன ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். பிஸ்டலில் ஏழு தோட்டா. பையில் காயம் ஆற்ற ஒரே ஒரு பச்சை மூலிகை. கேமின் இரண்டு நாயகர்களில் கிறிஸ்ஸாக விளையாடினால் பைக்குள் ஆறே இடம், ஜில் என்றால் எட்டு, அதுவும் நிரம்பிவிட்டது. கடைசியாக சேவ் செய்து நாற்பது நிமிடம் ஆகிறது. சேவ் செய்ய டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கையில் இங்க் ரிப்பன் இருக்க வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். செத்தால் என்ன போகும் என்பது உங்களுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பாதியில் நிற்கிற கணக்கு. என்னைக் கேட்டால், ஹாரர் கேமில் பயம் என்பது இதுதான். கணக்கு முழுசாகப் போட முடிந்தால் அது புதிராகிவிடும், சதுரங்கம் மாதிரி நிதானமாக ஆடலாம். கணக்கே போட முடியாவிட்டால் அது சீட்டுக் குலுக்கல், எது வந்தாலும் வரட்டும் என்று கையை விட்டுவிடுவோம். இரண்டுக்கும் நடுவில், ‘இன்னும் ஒரு விஷயம் தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம்’ என்று நிற்கிறோமே, கை வியர்ப்பது அங்கேதான்.

உங்கள் பிணத்துக்கு வருகிறேன். கதையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், ஆனால் மூன்று வாரம் ஆகிவிட்டதால் எனக்கு உரிமை இருக்கிறது. ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் கேப்காம் நிறுவனம் 1996ல் வெளியிட்ட மூல விளையாட்டில் இந்த ஏற்பாடு கிடையாது. அதே மிகாமி 2002ல் ரீமேக் செய்தபோது சேர்த்தார். வீழ்த்திய ஜோம்பியின் தலை சிதறியிருக்க வேண்டும், இல்லையென்றால் உடலை எரிக்க வேண்டும். அப்படியே விட்டால் பிறகொரு நேரம் அது முன்பைவிட வேகமாக, நகங்களோடு எழுந்து ஓடிவரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். குடுவையை ஒருமுறை நிரப்பினால் இரண்டு உடலுக்குத்தான் வரும். குடுவை பைக்குள் ஓர் இடத்தை வேறு பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு கெட்டிக்கார யோசனை பாருங்கள். மற்ற கேம்களில் எதிரியைக் கொன்றால் அந்த இடம் பாதுகாப்பு. இங்கே நீங்கள் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் மாளிகையில் ஒரு கடனை எழுதி வைக்கிறது. அடிக்கடி நடக்க வேண்டிய காரிடாரா, அப்படியானால் எரி. ஒரே ஒருமுறை போகிற இடமா, கொல்லாமல் சுற்றிக்கொண்டு ஓடு. எது எந்த வகை என்பது மாளிகை முழுக்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும், நீங்களோ இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறீர்கள். உங்கள் உள்ளுணர்வு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது சும்மா கிடக்கவில்லை.

பாய்ந்து கத்தும் முகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும், பலூன் வெடித்தாலும் துள்ளும். ஆனால் ஒரு நல்ல துள்ளலுக்கு என்ன மதிப்பு என்றும் இதே மாளிகையில் பார்க்கலாம். 1996 விளையாட்டில் ஒரு காரிடாரில் நடக்கும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். அது ஒரு நொடிதான். அதற்குப் பிறகு மாளிகையில் இருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் சந்தேகத்துக்குரியது. ஒரு நாயைச் செலவழித்து ஐம்பது ஜன்னல்களைச் சம்பாதித்துவிட்டார்கள். 2002ல் பழைய ஆட்டக்காரர்கள் அதே காரிடாரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடியில் விரிசல் மட்டும் விழுந்தது. நாய் வரவில்லை. அது பிறகு, யாரும் எதிர்பார்க்காத சமயத்தில் வந்தது. உங்கள் நண்பர் சொன்ன கேமில் முகம் பாய்ந்த பிறகு உங்கள் கணக்கில் எதுவும் மாறுவதில்லை. அதனால்தான் எரிச்சல்.

கிராபிக்ஸ் விஷயம். பாதி உண்மை என்பேன். 1999ல் கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’லில் ஊர் முழுக்க மூடுபனி. அது ஓடிய முதல் பிளேஸ்டேஷன் கருவியால் தூரத்தில் இருப்பதை எல்லாம் வரைந்து காட்ட முடியாது, அந்தக் குறையை மறைக்க வந்த பனி அது. ஆனால் கற்பனையைக் கிளப்ப வெறும் பனியை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை, கையில் ஒரு ரேடியோவையும் கொடுத்தார்கள். ஏதாவது பக்கத்தில் வந்தால் அது கரகரக்கும். எந்தப் பக்கம், எத்தனை, என்ன உருவம் என்று சொல்லாது. ரேடியோ இல்லாத பனி வெறும் பனிதான். 2024ல் இரண்டாம் பாகத்தை இன்றைய வசதிகளோடு புதிதாகச் செய்தபோது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரைந்து காட்டியிருக்கலாம். பனியை விடவில்லை, ரேடியோவையும் விடவில்லை. படம் தெளிவாக இருப்பது பிரச்சினை இல்லை. தகவல் தெளிவாக இருந்தால்தான் பிரச்சினை.

ஆயுதம் தராத கேம்கள் பற்றி ஊர் சொல்வதோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த நம்பிக்கையைப் பரப்பியது ஸ்வீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2010ல் வெளியிட்ட ‘அம்னீஷியா’. அது பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் பிரமாதமாக இருப்பதற்குக் காரணம் துப்பாக்கி இல்லாதது என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘அம்னீஷியா’வில் இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும், விளக்கேற்றினால் துரத்தும் உருவங்கள் உங்களைக் கண்டுகொள்ளும். எண்ணெயும் குறைந்துகொண்டே போகும். அந்த உருவத்தைப் பார்த்தாலே புத்தி இன்னும் கலங்கும், ஆகவே அது எங்கே வருகிறது என்று நிம்மதியாகப் பார்க்கக்கூட முடியாது. அப்புறம் கதவுகள். மற்ற கேம்களில் ஒரு பட்டனைத் தட்டினால் கதவு திறக்கும். இதில் மவுஸால் பிடித்து இழுக்க வேண்டும், தள்ள வேண்டும். விரற்கடை அளவுக்குத் திறந்து எட்டிப் பார்க்கலாம். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போது கதவைச் சாத்துவதற்காகத் தள்ளினேன். அது என் பக்கம் இழுத்துச் சாத்த வேண்டிய கதவு. தள்ளத் தள்ள அகலத் திறந்துகொண்டு நின்றது. அந்த மூன்று நொடியை இன்றும் கை மறக்கவில்லை.

இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாமல் ஆயுதத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஓடு, கட்டிலுக்கு அடியில் ஒளி, அது போனதும் வெளியே வா. ஒரு மணி நேரத்தில் கண்ணாமூச்சி ஆகிவிடும். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று என்றால் முடிவெடுக்க என்ன இருக்கிறது? ஐந்து தோட்டாவோடு ஒரு துப்பாக்கி கொடுங்கள், ஒவ்வொரு முறையும் ‘இப்போதா, இன்னும் பொறுக்கலாமா’ என்று மனம் அல்லாடும். எனக்கு வெறுங்கையைவிட ஐந்து தோட்டா பயங்கரம்.

என்னை மிகவும் படுத்திய கேம் 2014ல் வந்த ‘ஏலியன்: ஐசலேஷன்’. விண்வெளி நிலையம் ஒன்றில் ஒரே ஒரு பிராணி உங்களைத் தேடுகிறது. கேமுக்குள் இரண்டு மூளைகள் என்று சொல்லலாம். ஒன்றுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எப்போதும் தெரியும், ஆனால் அது பிராணியிடம் ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று தோராயமாகத்தான் சொல்லும். இன்னொன்று பிராணியின் சொந்த மூளை. அது கண்ணையும் காதையும் வைத்துத்தான் தேட வேண்டும். அதனால் அது எப்போதும் அக்கம்பக்கத்திலேயே திரிகிறது, ஆனால் எந்த வழியில் வரும் என்று மனப்பாடம் செய்ய முடியவில்லை.

ஒருமுறை லாக்கருக்குள் ஒளிந்திருந்தேன். கதவின் இடுக்குகள் வழியாக அறை கோடு கோடாகத் தெரிகிறது. அது உள்ளே வந்தது. வால் தரையில் உரசுகிறது. லாக்கருக்கு நேர் முன்னால் வந்து குனிந்தது. பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடிக்க பட்டன் இருக்கிறது, அதிக நேரம் பிடித்தால் உயிர் குறையும். திரை ஓரம் சிவக்க ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன், நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பிறகு கோழைத்தனமாக ஒரு வேலை செய்தேன். சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு விளையாடிப் பார்த்தேன். பேய்ப் படத்துக்கு இது கைகண்ட மருந்து, இசை போனால் பாதிப் பேய் போய்விடும். இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. மேலே காற்றுக்குழாயில் அது ஓடும் சத்தம், தூரத்தில் தரையில் குதிக்கும் சத்தம், இவைதான் என் கணக்குக்கு இருந்த முக்கிய வரவு என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அந்த கேமிலும் பயம் வற்றும் இடம் உண்டு. ஒரே அறையில் ஐந்தாவது முறை சாகும்போது பிராணி நமக்குப் பிராணியாகத் தெரிவதில்லை, ‘மறுபடி முதலிலிருந்தா’ என்கிற அலுப்புதான். சாவதற்கு முந்தின நொடிவரைதான் சாவு பயங்கரம். ‘அம்னீஷியா’ செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். செத்துத் திரும்பி வந்தால் சில இடங்களில் அந்த உருவத்தை எடுத்துவிடுவார்கள், அல்லது இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். போன தடவை கற்றுக்கொண்ட கணக்கு இந்தத் தடவை செல்லாது.

என் கணக்குக்குள் சரியாக அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய கேம் இயக்குநர் ஹிடியோ கொஜிமாவின் ‘பி.டி.’. 2014ல் இலவசமாக வந்தது, 2015ல் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தோட்டா இல்லை, மூலிகை இல்லை, இழக்க ஒன்றுமே இல்லை. ‘ட’ மாதிரி திரும்பும் ஒரு காரிடார், அதன் முடிவில் ஒரு கதவு, திறந்தால் அதே காரிடாரின் ஆரம்பம். நடக்கலாம், உற்றுப் பார்க்கலாம், அவ்வளவுதான். நாலாவது சுற்றுக்குள் அந்த வீடு நமக்கு அத்துப்படி, அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ‘இந்தத் தடவை எது மாறியிருக்கிறது’ என்பது மட்டும்தான் கேள்வி. 2019ல் ஒருவர் அதன் கோப்புகளைக் குடைந்து கேமராவை வெளியே எடுத்துப் பார்த்தார். டார்ச் கையில் கிடைத்த நேரத்திலிருந்து அந்தப் பேய் நம் முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. ஐந்து வருடம் யாருக்கும் தெரியவில்லை. இதைப் படித்த அன்று, எப்போதோ விளையாடி முடித்த கேமுக்காக நான் திரும்பிப் பார்த்தேன்.

சரி, உங்கள் காரிடார். சுற்றுவழி இருக்கிறதா என்று முதலில் வரைபடத்தைப் பாருங்கள். இல்லையென்றால் மண்ணெண்ணெயை எடுத்துவந்து அந்த உடலை எரித்துவிடுங்கள், அடிக்கடி போக வேண்டிய வழி அது என்றுதான் நினைக்கிறேன். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், வரைபடம் பார்க்கிற வேலையைக் கொடுங்கள். கன்ட்ரோலரை மட்டும் கொடுக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கியது நீங்கள்.