ஒரு சுவரும் சில ஒப்பந்தக்காரர்களும்

கேள்வி: சனியின் நிலவான இயாபெடசின் நட்ட நடுவே 20 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் ஓடுகிறதாமே! வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களாம். தாங்கள் நம்புகிறீர்களா?

பதில்: நம்புவது இருக்கட்டும். 'கட்டியது' என்கிறீர்களே, அதைப் பேசுவோம். வேற்றுக்கிரகவாசிகளைப் போல் ஓய்வு ஒழிச்சல் இல்லாத கொத்தனார்களை நான் கண்டதில்லை. அதிலும் ஒரு விசித்திரம்: நாம் எதைக் கட்டிக்கொண்டிருக்கிறோமோ, அதையேதான் அவர்களும் கட்டுவார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1877இல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் செவ்வாயில் கோடுகளைப் பார்த்தார். பின்னால் வந்த அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவல் அவற்றைப் பாசனக் கால்வாய்களாகவே ஆக்கிவிட்டார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அருகே போய்ப் படம் எடுத்தது. பள்ளங்கள் இருந்தன, கால்வாயைக் காணோம்.

1957இல் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோள் பறந்தது. இரண்டே ஆண்டுகளில் செவ்வாய்க்கும் செயற்கை நிலவு வந்துவிட்டது! நீங்கள் சொல்லும் 'விஞ்ஞானிகளே' இங்கேதான் வருகிறார். ஷ்க்ளோவ்ஸ்கி பெரிய வானியலாளர், போலி அல்லர். செவ்வாயின் நிலவான போபோஸ் மெல்லக் கீழே இறங்குகிறது என்று ஒரு கணக்கு சொன்னது. அங்குள்ள மெல்லிய காற்று அதை இழுக்க வேண்டுமானால், அது உள்ளீடற்ற உலோகக் கூடாக இருக்க வேண்டும் என்றார். தர்க்கம் சரி, கையிலிருந்த அளவுதான் தவறு. போபோஸ் இறங்குவது உண்மை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குச் செவ்வாயின் ஈர்ப்பே போதும். பிறகு விண்கலங்கள் எடை போட்டுப் பார்த்தன: உள்ளே இடைவெளிகள் கொண்ட கல், தண்ணீரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தி. அளவு திருந்தியதும் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் சுவர். 2004இன் கடைசி நாளில் காசினி விண்கலம் அதைப் படம் பிடித்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் அவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1,300 கிலோமீட்டர் வரை வந்தவர், நிலவை முழுதாகச் சுற்றி முடிக்கவில்லை. சில இடங்களில் ஒரு சுவருக்கு மூன்று சுவராகப் பிரிந்து ஓடுகிறது. வரைபடத்தை நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். இன்னும் சில இடங்களில் தனித்தனிக் குன்றுகளாக நிற்கிறது. மேலே விண்கற்கள் விழுந்த பள்ளங்கள். ஒரு பூச்சு வேலைக்குக்கூட ஆள் வரவில்லை. பொருளோ பனிக்கட்டி. யாரைத் தடுக்க இந்த மதில்? அந்த நிலவில் காற்றுகூட இல்லை.

உண்மையான ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிலவைச் சுற்றி வளையம் ஒன்று இருந்து நடுக்கோட்டில் கொட்டியது என்பது ஒரு கட்சி. முன்பு வேகமாகச் சுழன்று, வேகம் குறைந்தபோது மேலோடு புடைத்தது என்பது இன்னொரு கட்சி. இப்போது அது ஒரு முறை சுழல 79 நாட்கள் ஆகின்றன. 'முடிவாகவில்லை' என்று அவர்கள் சொன்னதுதான் தாமதம், யாரோ ஒருவர் செங்கல்லோடு ஓடிவருகிறார்.

இதே விஷயத்தில் எங்கள் விற்பனைப் பிரிவு நண்பரோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. 'விண்வெளி மர்மங்கள்' என்று ஒரு தொடர் போடுங்கள் என்பார். இயாபெடசிலேயே அசல் மர்மம் இருக்கிறது என்றேன். 1671இல் காசினி என்ற வானியலாளர் அதைச் சனிக்கு மேற்கே கண்டார். கிழக்கே போனால் மறைந்துவிடும். ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெளுப்பு, சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று யோசித்தே கண்டுபிடித்தார். 1705இல் நல்ல தொலைநோக்கி கிடைத்ததும் கிழக்கிலும் மங்கலாகப் பார்த்துவிட்டார். முதல் அத்தியாயத்தை எழுதியே கொடுத்தேன். நண்பர் படித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி சார், இதில் ஆட்கள் எப்போது வருவார்கள்?"