தேம்ஸ் கரைத் தனி அச்சகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இயந்திர அச்சு ஓங்கியிருந்த காலத்தில் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் கைஅச்சுக்குத் திரும்பியது ஏன்?

பதில்: விக்டோரியா கால இங்கிலாந்தில் நூல்கள் மலிந்தன, ஆனால் மரக்கூழ்த் தாளும் வெளிறிய மையும் மெலிந்த எழுத்தும் பக்கத்தின் அழகைக் கெடுத்திருந்தன. 1888 நவம்பரில் லண்டனில் பழைய நூல்களின் அச்செழுத்துகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி அச்சுக்கலை வல்லுநரும் நண்பருமான எமரி வாக்கர் ஆற்றிய உரை, தாமே எழுத்து வடிவமைக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாரிஸிடம் எழுப்பியது. 1891இல் லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ஹாமர்ஸ்மித்தில் மாரிஸின் சொந்த அச்சகமான கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கிற்று.

கேள்வி: அவருடைய எழுத்து புதியதா, பழையதன் நகலா?

பதில்: நகல் அன்று. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸில் அச்சிட்ட நிக்கோலா ஜென்சனின் எழுத்துகளை ஒளிப்படத்தில் பெரிதாக்கி, அவற்றின்மீது பலமுறை வரைந்து, வடிவம் கைக்குப் படிந்த பிறகே தமக்கென வரைந்தார். அந்த வரைவுகளை எஃகில் செதுக்கியவர் எட்வர்ட் பிரின்ஸ். அவர் பெயரைப் பலர் சொல்வதே இல்லை.

கேள்வி: தாளுக்கும் ஓரங்களுக்கும் ஏன் அவ்வளவு கவனம்?

பதில்: கென்ட் பகுதியில் ஜோசப் பேச்சலர் லினன் கந்தலிலிருந்து கையால் செய்த தாளை ஈரப்படுத்தி அச்சிட்டார்கள், ஈரத்தாளில் எழுத்து சற்றே பதிவதால் கெட்டியான மையும் கருமை குன்றாமல் நிற்கிறது. மாரிஸின் கணக்கில் தனிப்பக்கம் என்பதே இல்லை, எதிரெதிரான இரு பக்கங்களும் சேர்ந்தே ஓர் அலகு. ஆகவே உள் ஓரம் மிகக் குறுகி, மேல், வெளி, அடி என்ற வரிசையில் ஓரங்கள் அகன்றுகொண்டே போகும். இந்த விகிதத்துக்குச் செலவே இல்லை. இன்றைய பதிப்பாளர்கள் இதையாவது கைக்கொள்ளலாம்.

கேள்வி: சோஷலிசம் பேசியவர் 20 பவுண்டுக்கு நூல் விற்றது முரண் அல்லவா?

பதில்: முரண்தான், மறுப்பதற்கில்லை. 1896இல் வெளிவந்த, இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாஸரின் படைப்புத் தொகுதி, ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் 87 மரச்செதுக்குப் படங்களுடன், தாளில் 425 பிரதிகளும் கன்றுத்தோலில் 13 பிரதிகளுமே அச்சாயிற்று. இத்தனை கையுழைப்பில் மலிவு சாத்தியமில்லை. தவிர, பூவேலை நிறைந்த அந்தப் பக்கங்கள் படிப்பதைவிடப் பார்ப்பதற்கே ஏற்றவை என்பது என் கருத்து. படிக்க விரும்புவோர் ஹாமர்ஸ்மித்திலேயே இயங்கிய டவ்ஸ் அச்சகத்தின் ஐந்து தொகுதி விவிலியத்தைப் (1903-1905) பார்க்க வேண்டும்: படமில்லை, பூவேலையில்லை, எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த சிவப்பு முதலெழுத்துகள் மட்டும்.

கேள்வி: டவ்ஸ் அச்சகத்தின் உலோக அச்செழுத்துகளை ஆற்றில் எறிந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1900இல் வாக்கரும் நூல்கட்டுநர் காப்டன்-சாண்டர்சனும் கூட்டாகத் தொடங்கிய அச்சகம் அது. கூட்டு முறிந்தபோது, காப்டன்-சாண்டர்சனின் காலத்துக்குப் பின் எழுத்துகள் வாக்கரைச் சேரும் என்று உடன்பட்டிருந்தார்கள். அவை இயந்திர அச்சுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய காப்டன்-சாண்டர்சன், 1916-17இல் இரவுகளில் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து சிறிது சிறிதாகத் தேம்ஸில் எறிந்துவிட்டார். வாக்கருக்கு இழைத்த அநீதி என்றே இதைச் சொல்வேன். 2014இல் முக்குளிப்பவர்கள் சுமார் 150 எழுத்துகளை மீட்டார்கள்.